ஒரே வளையத்தில் இரண்டு சாவி



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. காரின் பின்னால் கட்டிக்கொண்டுவந்த சைக்கிளை ஒருவர் ஓரமாக நிறுத்தி இறக்குகிறார். முன்சக்கரத்தைப் பொருத்துகிறார், காற்றை அழுத்திப் பார்க்கிறார், ஹெல்மெட்டை மாட்டுகிறார். பளிச்சென்ற மஞ்சள் பனியன். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில், இரவுக் காவல் முடிந்த ஒருவர் வீட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கிறார். கேரியரில் டிபன் டப்பா, ஹேண்டில்பாரில் தொங்கும் துணிப்பை, கசங்கிய காக்கிச் சட்டை. மஞ்சள் பனியன்காரரை எல்லாரும் ‘சைக்ளிஸ்ட்’ என்கிறார்கள். காவலாளியைச் ‘சைக்கிள்ல போறவர்’ என்கிறார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் அவரைப் பார்க்கலாம். வீட்டு வாசலில் கார் நிற்கும், மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நிற்கும். இரண்டின் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கும். கல்யாணம், மழை, மாமியார் வீடு என்றால் கார். காய்கறி, தபால் நிலையம், முடிதிருத்தகம் என்றால் சைக்கிள். அவரிடம் ‘நீங்கள் சைக்கிள் ஓட்டுகிறவரா?’ என்று கேட்டால் கூச்சத்தோடு மறுப்பார். ‘அதெல்லாம் இல்லீங்க, சும்மா பக்கத்துல போறதுக்கு வச்சிருக்கேன்’ என்பார்.

காரும் ஓட்டி, சைக்கிளும் ஓட்டுகிறவரைச் சைக்கிள் ஓட்டுகிறவராகக் கணக்கில் கொள்ளலாமா என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் கேள்வி. கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் சாலை யாருக்காகப் போடப்படுகிறது, விபத்தில் யார் பொறுப்பு, அரசாங்கக் கணக்கில் யார் தெரிகிறார்கள், யார் தெரியாமல் போகிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் மடிந்து கிடக்கின்றன.

முதலில் ஒரு அதிர்ச்சியான செய்தி. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸா டெல்போஸ்க்கும் அவருடைய குழுவினரும் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் 442 பேரிடம் ஒரு படத்தைக் காட்டினார்கள். சிலருக்குக் குரங்கிலிருந்து மனிதன் வரை படிப்படியாக நிமிரும் உருவங்கள். சிலருக்குப் பூச்சியிலிருந்து மனிதன் வரை மாறும் உருவங்கள். ‘சைக்கிள் ஓட்டுகிறவர்களை இந்த வரிசையில் எங்கே வைப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 விழுக்காட்டினர், முழு மனிதருக்குக் கீழேயுள்ள ஏதோவொரு படியில் அவர்களை வைத்தார்கள். அதைவிட மனத்தை உறுத்துவது அடுத்த எண். சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே 30 விழுக்காட்டினர் அப்படித்தான் வைத்தார்கள். தாங்களே ஏறி மிதிக்கிற வண்டியில் வேறொருவர் ஏறிவிட்டால், அவர் ஒரு படி கீழே போய்விடுகிறார்.

அதே ஆய்வில், காரைக் கொண்டு வேண்டுமென்றே சைக்கிளை மறித்ததுண்டு என்று 17 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். வேண்டுமென்றே நெருக்கி ஓட்டியதாக 11 விழுக்காட்டினர் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கீழ்ப்படியில் வைத்தவர்களிடம் அவர்கள்மீது காரை நெருக்கும் துணிச்சலும் அதிகம் தெரிந்தது என்பது அந்த ஆய்வின் முடிவு. குழுவிலிருந்த பேராசிரியர் நரேல் ஹவோர்த் ஒரு யோசனை சொன்னார். ‘சைக்ளிஸ்ட்’ என்ற பட்டத்தையே விட்டுவிட்டு, ‘சைக்கிள் ஓட்டும் மனிதர்’ என்று சொல்லிப் பழகலாம் என்றார்.

தமிழ் இந்த யோசனைக்காகக் காத்திருக்கவில்லை. பால்காரர், கடைக்காரர், வண்டிக்காரர் என்று ‘காரர்’ போட்டால் அது பிழைப்பையோ உடைமையையோ குறித்து ஆளோடு ஒட்டிக்கொள்ளும். ‘சைக்கிள்ல போறவர்’ என்ற சொல் அப்படிப்பட்டதல்ல. இலக்கணத்தில் அதற்கு வினையாலணையும் பெயர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்: அது காலம் காட்டும். போனவர், போகிறவர், போவோர் என்று வினையின் காலம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. வண்டியில் ஏறியபோது ஒருவர் சைக்கிளில் போகிறவர் ஆகிறார். ஸ்டாண்டு போட்டு இறங்கியதும் சைக்கிளில் வந்தவர் ஆகிறார். வீட்டில் கார் இருக்கிறதா, சட்டை என்ன நிறம், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அந்தச் சொல் யாரையும் கேட்பதில்லை. காவலாளிக்குக் கிடைத்த பெயர் குறைந்த பெயர் என்று நினைத்தவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். மூவருக்கும் பொருந்துகிற சரியான பெயர் அவருக்குக் கிடைத்ததுதான்.

ஆகவே கேள்விக்கு விடை இது: காரும் ஓட்டுகிற ஒருவர், பெடலில் கால் இருக்கும் நேரமெல்லாம் முழுமையான சைக்கிள் ஓட்டுநர். பாதியாகவோ சும்மாவோ அல்ல. இந்த விடையை ஒரு நாடே நடைமுறையாக்கி வைத்திருக்கிறது.

நெதர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 1.8 கோடி. அங்கே சைக்கிள்கள் சுமார் 2.3 கோடி, கார்கள் சுமார் 90 லட்சம். மக்கள் மேற்கொள்ளும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நடக்கிறது. கார் குறைந்த நாடு என்று அதைச் சொல்லவே முடியாது. அங்கே கார் ஓட்டுகிறவரும் சைக்கிள் ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று. டச்சு மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. குனிந்து பந்தய வேகத்தில் ஓட்டுகிறவர் ‘வீல்ரென்னர்’. கடைக்கும் பள்ளிக்கும் போகிறவர் ‘ஃபீட்ஸர்’. இரண்டாவது சொல்லில் பிரதமரும் உண்டு, பாட்டியும் உண்டு. ‘காரும் வைத்திருக்கிறாரே, இவர் ஃபீட்ஸர்தானா?’ என்று அங்கே ஒருவர் கேட்டால், கேள்வி யாருக்கும் புரியாது.

அந்த நாடு ஆதியிலிருந்தே அப்படி இருந்ததாக எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கேயும் கார் பெருகியது. சைக்கிள் பாதைகளைப் பெயர்த்துச் சாலையை அகலப்படுத்தினார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். 1971-இல் இறந்தவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் சின்ன மகளும் கார் மோதி இறந்தாள். 1972-இல் அவர் ஒரு நாளேட்டில் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. அதே பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. குழந்தைகள் தெருவை மறித்து உட்கார்ந்து விளையாடினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, நவம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. கார் வைத்திருந்தவர்களே அன்றைக்கு நெடுஞ்சாலைகளில் சைக்கிளோடு இறங்கினார்கள்.

அந்த இயக்கத்தில் தெருவில் இறங்கிய தாய் தகப்பன்களில் கார் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். ‘நீங்கள் கார் வைத்திருக்கிறீர்கள், சைக்கிள் பாதை கேட்க உங்களுக்கு என்ன உரிமை?’ என்று அவர்களைத் தள்ளி வைத்திருந்தால் அந்த இயக்கம் ஒரு தெருவைக்கூட மாற்றியிருக்காது.

சட்டமும் அந்த வழியில் நடந்தது. நெதர்லாந்தின் 1994-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, மோட்டார் வாகனம் சைக்கிளிலோ நடந்து செல்பவர்மீதோ மோதினால் நட்ட ஈட்டுச் சுமையை வாகன உரிமையாளர்மேல் வைக்கிறது. மோதப்பட்டவர் 14 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், குழந்தையே தவறு செய்திருந்தாலும் முழுத் தொகையும் வாகனத்தின் காப்பீடுதான் தர வேண்டும். பெரியவர் என்றால், கண்மூடித்தனமாக நடந்துகொண்டிருந்தால் ஒழிய, குறைந்தது பாதி. ஒரு வகுப்பாருக்குக் கொடுத்த சலுகையாக இதை யாரும் பார்க்கவில்லை. காலையில் அந்தச் சட்டத்தால் சுமை ஏற்கிறவரே மாலையில் அதே சட்டத்தால் காப்பாற்றப்படுகிறார்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே சைக்கிளில் போகிறவரைப் பார்த்துக் காரிலிருந்து கத்தும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘நீ சாலை வரி கட்டுவதில்லை!’ நம் ஊரிலும் இதைக் கேட்டிருக்கலாம். ‘டாக்ஸ் கட்டுறது நாங்க, ரோட்டுல குறுக்க வர்றது நீங்களா?’ என்ற தோரணை. பிரிட்டனில் சாலை நிதிக்கென்று தனியாக வாங்கிய வரி 1937-இலேயே முடிந்துபோயிற்று. அதற்கு முன்பே, 1926-இல், நிதியமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நிதியில் கைவைக்கத் தொடங்கிவிட்டார். இன்று அங்கே கார் வைத்திருப்பவர் கட்டுவது வாகன வரி. உள்ளூர்ச் சாலைகளைப் போடுவதும் செப்பனிடுவதும் எல்லாரும் கட்டுகிற பொதுவரிப் பணத்தில்தான். இதையெல்லாம் விளக்கவே தேவையில்லை. யாரைப் பார்த்துக் கத்துகிறார்களோ, அவர் வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்கலாம். கத்துகிறவர் கட்டிய அதே வரியை அவரும் கட்டியிருப்பார். இரண்டு சாவி வைத்திருப்பவர் சாலையில் இருக்கும்போது அந்த வசைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இரண்டையும் ஓட்டுகிறவரிடம் வேறு என்ன மாற்றம் தெரிகிறது? அதைக் காண ஒரு காரின் கதவைப் பக்கத்தில் நின்று கவனித்தால் போதும்.

நம் ஊரில் காரைச் சாலையின் இடது ஓரத்தில் நிறுத்துகிறார்கள். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். ஆகவே அவர் கதவு திறப்பது ஓரத்தை நோக்கி அல்ல, போக்குவரத்துக்குள். நின்றிருக்கும் கார்களுக்கும் ஓடும் பேருந்துகளுக்கும் இடையில் இரண்டு மூன்று அடி இடைவெளி. அதில்தான் சைக்கிள் போகிறது. ஓட்டுநர் பழக்கத்தில் வலக்கையால் கைப்பிடியை இழுத்துக் கதவைத் தள்ளுகிறார். கண் கைப்பேசியில் இருக்கும், அல்லது பக்கத்து இருக்கையில் உள்ள பையில் இருக்கும். கதவின் விளிம்பு சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தட்டுகிறது. ஓட்டியவர் விழுவது இடப்பக்கம் என்றால் கதவின்மேல். வலப்பக்கம் என்றால் பின்னால் வரும் பேருந்துக்கு முன்னால்.

டச்சுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் தூரத்துக் கையால் திறப்பது. நம் ஓட்டுநருக்கு அது இடக்கை. இடக்கை மார்பைக் கடந்து வலப்பக்கக் கைப்பிடியைத் தொட வேண்டுமென்றால் தோள் தானாகத் திரும்பும். தோள் திரும்பினால் தலை திரும்பும். முதலில் கண்ணாடி தெரியும், பிறகு ஜன்னல் வழியே பின்னால் வரும் சாலை தெரியும். யாரும் அறிவுரை சொல்லத் தேவையில்லாமல் உடம்பே பார்த்துவிடும். 2022 ஜனவரி 29 முதல் பிரிட்டனின் சாலை விதிநூலிலும் இது சேர்ந்திருக்கிறது. ஒரு முறையாவது கதவில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டவருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காரில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் முழங்கைக்கு அது நினைவிருக்கும்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. கார் மட்டும் ஓட்டுகிறவர்களைவிட, காரும் சைக்கிளும் ஓட்டுகிறவர்கள் சாலையில் சைக்கிளுக்குப் பாதுகாப்பாக நடந்துகொள்வதாகச் சொல்லும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம் என்று 2014-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில், சாலைப் படங்களில் நிகழும் மாற்றங்களைச் சைக்கிளும் ஓட்டுகிற காரோட்டிகள் விரைவாகக் கண்டுபிடித்தார்கள். எதைத் தேட வேண்டும் என்று பழகிய கண் எந்த இருக்கையிலிருந்தும் அதைத் தேடுகிறது.

உடைக்கு வருவோம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த இயன் வாக்கர், தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு, தன்னை முந்திய 2,300-க்கும் மேற்பட்ட வாகனங்களை அளந்தார். ஹெல்மெட் போட்டபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன என்றார். அந்த முடிவைப் பின்னர் மறுத்தவர்களும் உண்டு. வாக்கர் நீளமுடி டோப்பா வைத்துப் பெண்போலத் தோன்றியபோது வாகனங்கள் 14 சென்டிமீட்டர் கூடுதலாக விலகிப் போயின. ஒரே ஆள், ஒரே சைக்கிள். ஓட்டுகிறவர் யார் என்று காரிலிருப்பவர் நினைக்கிறாரோ, அதற்கேற்ப இடைவெளி மாறியது. ஹெல்மெட் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, தலை முக்கியம். ‘இவர் அந்த ஆள்’ என்று முத்திரை குத்தியதும் பின்னாலிருக்கும் மனிதர் மறைந்துவிடுகிறார் என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. சைக்கிள் பாதை போடலாம், வாகன நிறுத்தத்தைக் குறைக்கலாம் என்று எந்த ஊரில் பேச்செடுத்தாலும், கூட்டத்தில் ஒருவர் எழுந்து ‘நானும் சைக்கிள் ஓட்டுறவன்தான்’ என்று ஆரம்பிப்பார். அடுத்த வாக்கியம் ‘ஆனா இது தேவையில்ல’ என்பதாக இருக்கும். அவர் சைக்கிள் ஓட்டுவது உண்மை. அவரைக் கணக்கிலிருந்து நீக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர் ஓட்டுவது ஞாயிறு விடியலில், சாலை காலியாக இருக்கும்போது; பயமாக இருந்தால் அடுத்த நாள் காரை எடுக்கலாம். காலை எட்டரை மணிக்குப் பேருந்துக்கும் லாரிக்கும் இடையில் பள்ளிக்குப் போகிற பிளஸ் ஒன் மாணவிக்கு அந்த இரண்டாவது சாவி கிடையாது. ஓட்டுகிறவர் என்பதால் பேசும் உரிமை உண்டு. ஓட்டுகிற எல்லாருக்குமாகப் பேசும் உரிமை அதனால் வந்துவிடாது. சாலையை யாருக்காகப் போடுவது என்று வந்தால், வேறு வழியில்லாமல் மிதிக்கிறவரை அளவுகோலாக வைக்க வேண்டும்.

புதுக்கோட்டையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1991-இல் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தில், அந்த மாவட்டக் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் பார் இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக அதை விரும்பி வாங்கியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளை எல்லாம் ஒரே வண்டியில். கல்குவாரிக்கும் வயலுக்கும் அங்கன்வாடிக்கும் போன அந்தப் பெண்களில் யாரும் தன்னை எந்தப் பட்டத்தாலும் அழைத்துக்கொள்ளவில்லை. அன்று பெடலில் பழகிய கால் பின்னாளில் மொபெட்டில் ஏறியிருக்கலாம், மகன் ஓட்டும் காரில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் அவர் சைக்கிள் ஓட்டியது இல்லையென்று ஆகிவிடுமா?

ஆகிவிடும், அரசாங்கக் கணக்கில். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று நாடு முழுவதும் கேட்டது. விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத்தொழில் செய்வோர் நீங்கலான ஏறத்தாழ 20 கோடித் தொழிலாளர்களின் விடைகளே அட்டவணையாக வந்தன. அவர்களில் சுமார் 2.6 கோடிப் பேர், அதாவது 13 விழுக்காட்டினர், சைக்கிள் என்றார்கள். கார் என்றவர்களைவிட இது பல மடங்கு. ஆனால் ஒருவருக்கு ஒரு விடைதான். வீட்டிலிருந்து ரயில் நிலையம்வரை மூன்று கிலோமீட்டர் மிதித்து, ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி, மின்சார ரயிலேறி வேலைக்குப் போகிறவர் ‘ரயில்’ ஆனார். பிரிட்டனிலும் இதே கதை. அங்கே கணக்கெடுப்புப் படிவம், பயணத்தில் அதிக தூரம் எதில் போகிறீர்களோ அந்த ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடச் சொல்கிறது.

இந்த ஒற்றைக் கட்டத்தில் விழாமல் போனவர்களை எண்ணிப் பாருங்கள். 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவர் எல்லாருக்கும் தமிழ்நாடு தருகிற விலையில்லா மிதிவண்டியில் போகிற பிள்ளைகள் அதில் இல்லை. அவர்கள் தொழிலாளர்கள் அல்ல. காய்கறிக் கடைக்குப் போகிற இல்லத்தரசி இல்லை. வயலுக்குப் போகிற கூலித் தொழிலாளி இல்லை. வேலைக்குக் காரும் மற்றதற்கெல்லாம் சைக்கிளும் என்றிருக்கிற, அந்த இரண்டு சாவிக்காரரும் இல்லை. கணக்கில் தெரியாதவருக்குச் சாலையில் கோடு போட யாரும் வரமாட்டார்கள். சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை என்று மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. கொள்கை தாளில் இருக்கிறது. தெருவில் அதைக் கேட்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினர், தாங்கள் அந்த வகையில் சேர்த்தியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் இன்னொரு பகுதி இருந்தது. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். அங்கே சைக்கிள், டூவீலர், கார் மூன்றையும் தனித்தனியே கேட்டார்கள். நாட்டின் வீடுகளில் 45 விழுக்காட்டில் சைக்கிள் இருந்தது. 21 விழுக்காட்டில் டூவீலர். 5 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கார். ஒரே வீட்டில் மூன்றும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட கேள்வி அது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. வாகனம் உண்டா என்ற கேள்வி வரும்போது ‘கார் இருக்கு’ என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளையும் சொல்லுங்கள். டயரில் காற்று இல்லையென்றால், தெருமுனைக் கடையில் இந்த வாரமே அடித்து வையுங்கள்.